அவளுக்கென்னங்க கவலை

ஒக்காருங்ணா. அந்தப் பக்கம் வேண்டாம், பெஞ்சு ஆடும், இப்படி வாங்க. உங்களுக்கு உள்ள யாருங்க? மகளா! தலைப்பிரசவமா? நல்லதுங்ணா, நல்லது. தாயும் புள்ளையும் சொகந்தானுங்களே? அது போதும்ங்க. வேற என்ன வேணும் நமக்கு.

எனக்குப் பிரசவமில்லீங்ணா. அதெல்லாம் ஆகி ரெண்டு மாசமாச்சு. பொம்பளப் புள்ளை. எங்கூட்டுக்காரி மைதிலி, அந்தா அந்த ஓரத்து ரூமுல படுத்திருக்கறா. மாருல பால் கட்டிச் சீழ் வச்சுப்போச்சுங்க. முந்தாநேத்து அறுத்து எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அக்கி. அதுக்கு முன்னாடி வாய்ப்புண்ணு, சளி, காச்சல். ஒண்ணு போனா ஒண்ணு வருது. ஒரு தலைவலி மாத்திரை கூட முழுங்காத புள்ளைன்னு சொல்லித்தான் எனக்குக் கட்டிக்குடுத்தாங்க. நெசமும் அதுதானுங்க. கல்யாணமாகி மூணு வருசத்துல அவ சீக்குன்னு படுத்து நான் பாத்ததில்ல.

இப்ப இந்தப் பக்கமாப் போனாங்களே கண்ணாடி போட்ட டாக்டரம்மா, அவங்க என்னையக் கூப்புட்டு வச்சு என்ன கேட்டாங்க தெரியுமுங்களா? "வீட்டுல இந்தப் பொண்ணுக்கு என்ன கவலை?"ன்னு கேக்கறாங்க. என்னையக் கேக்கறாங்க! போலீசு டேசன்ல வச்சு விசாரிக்கறாப்பல. எனக்குச் சுருக்குனு போச்சுங்க. அவளுக்கென்னங்க கவலை? சமைக்கச் சொன்னமா, தொவைக்கச் சொன்னமா? கட்டலை வுட்டுக் கீழ எறங்க வுடல. எப்பப் பாத்தாலும் சுத்தி நாலு பேரு. எந்தப் புள்ளைக்குங்க இந்தக் காலத்துல இப்படிக் கெடைக்குது? நீங்களே சொல்லுங்க.

நமக்கு வேலை கோழிப்பண்ணைங்க. முட்டைக்கோழி. நாமக்கல்லுல இருந்து பஸ்சுல சித்த நேரந்தான். நான் அங்க மேனேஜரு. கோழி வளக்கறது லேசுன்னு நெனைச்சுராதீங்ணா. தீவனம் போட்டாப் போதும், முட்டை வந்துரும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. அதில்லீங்க. கோழிக்கு நிம்மதி வேணும். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். புது ஆளு ஒருத்தன் ஷெட்டுக்குள்ள போயி வேட்டிய ஒரு ஒதறு ஒதறுனாப் போதும், அத்தனையும் பதறிப்போகும். மக்யா நாளு விடிஞ்சு பாத்தா முட்டை கொறஞ்சிருக்கும். போட்டதும் ஓடில்லாம தோல்முட்டையாக் கெடக்கும். அதோட வுடுமா? பயந்த கோழிக்குச் சீக்கு ஒடனே ஒட்டிக்கும். ஊசி போட்டிருந்தாலும் ஒட்டிக்கும். தெம்பு போயிருதில்லீங்க.

அதனால எங்க பண்ணை கேட்டுக்குள்ள ஒருத்தரும் நொழைய முடியாது. மொதலாளியோட சம்பந்தி மெட்ராசுல இருந்து காரு போட்டுக்கிட்டு வந்தாரு, கோழியப் பாக்கோணும்னு. வுடலையே நான்! கேட்டுலயே நிக்க வச்சு எளநி வெட்டிக் குடுத்து அனுப்பிச்சுட்டேன். மொதலாளி கோவிச்சுக்குவாருன்னு பாத்தா முதுகுல தட்டிக்குடுத்தாரு. மாரியம்மன் நோம்பிக்குக் கொழா ரேடியோவப் பண்ணையப் பாத்துக் கட்டிப்போட்டாங்க. நானே ஏணி போட்டு ஏறித் திருப்பி வச்சேன். ஊரே சண்டைக்கு வந்துருச்சு. வரட்டுமே, என்ன இப்ப? கோழிக்காக நாம பேசலீன்னா வேற யாருங்க பேசுவாங்க, அதுக்கு வாயா இருக்குது?

சரி, அதை வுடுங்க. நீங்க கேட்டது மைதிலியப் பத்தி.

தலைப்பிரசவம் தாயூட்டுலதானுங்களே வழக்கம். எங்களுக்கு அதுக்குத் தோதுப்படல. அவங்கம்மாவுக்கு ஒரு பக்கம் கை காலு வராமப் படுத்த படுக்கை. அவங்கப்பா அந்தம்மாவப் பாப்பாரா, இவளப் பாப்பாரா? அதனால எங்கூட்டுலயே வச்சுக்கலாம்னு எங்கக்கா சொல்லிருச்சு. சொன்னதோட நிக்கல. கையில ஒரு பையத் தூக்கிக்கிட்டு வந்து எறங்கிருச்சு.

எங்கக்கா பேரு ராஜாமணிங்க. எங்கம்மா நான் நடக்கப் பழகறதுக்கு முந்தியே போயிட்டாங்க. அக்காதான் என்னைய வளத்துச்சு. இடுப்புல என்னையத் தூக்கிக்கிட்டே பள்ளிக்கூடம் போயி, வாத்தியாரு வையறாருன்னு, அப்புறம் பள்ளிக்கூடமே வேண்டாம்னு நின்னுக்கிச்சு. கட்டிக்குடுத்தப்பவும் சும்மா போகல, என்னையும் கையோட கூட்டிக்கிட்டுத்தான் போச்சு. மாமனும் தங்கமானவரு, ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா பாருங்க, அக்காவுக்குக் கொழந்தை இல்லீங்க. பாக்காத வைத்தியமில்ல, போகாத கோயிலில்ல. இல்லீன்னு ஆகிப்போச்சு. அப்படிப்பட்ட மனுசி என் கொழந்தைய மொதமொத கையில வாங்குனப்ப எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்திருக்கோணும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன், பாக்க முடியல.

ஆஸ்பத்திரியில இருந்த வரைக்கும் கொழந்தை நல்லாக் குடிச்சுதுங்க. வவுத்தை அறுத்து எடுத்த பிரசவம், இருந்தாலும் மைதிலி மொகம் அப்படி இருந்துச்சு. "ஏனுங்க, இவ குடிக்கறப்ப எனக்குக் கண்ணு சொக்குது. ஒடம்பு வலியெல்லாம் எறங்கிப் போறாப்பல இருக்குது"ன்னு சொன்னா. நல்லதுதானே, நல்லாத் தூங்குன்னு சொன்னேன்.

ஊட்டுக்கு வந்ததும் எங்கூட்டுல நோம்பிதானுங்க. நமக்குப் பழக்கம் எச்சா. முட்டை லாரிக்காரங்க, தீவனக் கம்பெனிக்காரங்க, மொதலாளியூட்டு அம்மா, எங்க பங்காளிக, அக்காவோட ஊருச் சனம், எல்லாரும் வந்து பாத்தாங்க. ஒறம்பரை, விருந்தாளின்னு வந்தா வாங்கன்னு சொல்லாம இருக்க முடியுங்களா? ஊடு நெறைய ஆளு இருந்தா அவளுக்கும் ஒரு தெம்புதானேன்னு நெனைச்சேன். வந்தவங்க ஒருத்தரும் வெளிய ஒக்கார மாட்டாங்க. நேரா உள்ள போயிருவாங்க, கட்டலைச் சுத்தி நின்னுக்குவாங்க. பால் குடுக்கறப்பவும் நிப்பாங்க. பொம்பளைங்கதானுங்களே, அதுல என்ன. ஒருத்தி "தலையத் தூக்கிப் புடி"ம்பா, ஒருத்தி "மூக்கு அமுங்குது பாரு"ம்பா, எங்க பெரியம்மா ஒருக்கா மைதிலி மாரைப் புழிஞ்சே பாத்துப்போட்டு, "என்ன புள்ள, தண்ணியால்ல இருக்குது?"ன்னுச்சு. அக்கறைதானுங்க எல்லாம். இவ என்னடான்னா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. ஒரு சிரிச்ச மொகம் கெடையாது. வந்தவங்க என்ன நெனைப்பாங்க? எனக்குத்தான் சங்கடம்.

சோத்துக்கு அக்கா கண்டிசனுங்க. பத்தியம். பூண்டுக் கொழம்பும் ஒரு கை சோறும். தண்ணி எச்சாக் குடிச்சா வவுறு போட்டுரும்னு ஒரு டம்ளரு அளந்துதான் குடுக்கும். மைதிலி தண்ணி, தண்ணின்னு கேப்பா. நான் ஒருக்காச் சொம்புல மொண்டுக்கிட்டுப் போனேன். அக்கா வாசப்படியில நின்னுக்கிட்டு, "ஏன் கண்ணு, இவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறயா?"ன்னு கேட்டுச்சு. சொம்பைக் கீழ வச்சுட்டு வந்துட்டேன்.

அப்புறம் கொழந்தை அழுக ஆரம்பிச்சுது. விடியால அழுகும், பொழுதோட அழுகும். "பால் பத்தல"ன்னு அக்கா சொல்லிருச்சு. அவ "பத்துதுங்க அண்ணி, பத்துது, சித்த நேரம் என்னையத் தனியா வுடுங்க, எறங்கும்"னு கெஞ்சுனா. எங்க எறங்குது? மாருல வாய வச்சுக் கொழந்தை வீல்லுனு கத்துது, இவ கூடச் சேந்து அழுகறா, சுத்தி நிக்கறவங்க உச்சுக்கொட்டறாங்க. அக்கா டப்பாப்பாலைக் கலக்கிப் பாட்டில்ல ஊத்தி மடியில போட்டுக் குடுத்துச்சு. கொழந்தை கடகடன்னு குடிச்சுப்போட்டுத் தூங்கிருச்சு! அக்கா கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "குணா, என் மடியில குடிச்சுதுடா"ன்னு சொல்லுச்சு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம் இருக்குதே, அதைச் சொல்ல முடியாதுங்ணா. பாட்டில்னா யாரு வேணும்னாலும் குடுக்கலாமில்லீங்களா. அக்காவுக்கும் ஒரு ஆறுதலாப் போச்சு. மைதிலிக்கும் வேலை கொறையுதேன்னு நான் நெனைச்சேன்.

அவ அப்படி நெனைக்கலீங்க. தூங்கவே மாட்டா. கொழந்தை அக்கா ரூமுல இருக்கும், இவ முழிச்சுக்கிட்டுக் காதைத் தீட்டிக்கிட்டுக் கெடப்பா. அழுகுதா, அழுகுதான்னு. வாயெல்லாம் புண்ணு. சளி புடிச்சா வுடவே இல்ல. ஒருக்கா எங்கிட்டச் சொல்றா, "ஏனுங்க, என்னையும் கொண்டுபோயி உங்க பண்ணையில வுட்டுருங்க. அங்கதான் யாரும் உள்ள வர மாட்டாங்க"ன்னு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல! சும்மா இருக்கறப்ப நல்லாத் தமாசு பண்ணுவா அவ. இதை வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன், ஊடே சிரிச்சுது. அவ மட்டும் சிரிக்கல. தமாசு பண்ணிப்போட்டு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

அப்புறந்தான் அக்கி வந்துச்சு. எடது மாருக்குக் கீழ ஆரம்பிச்சு, பட்டை கட்டுனாப்பல முதுகு வரைக்கும் செவசெவன்னு கொப்புளம். நெருப்பு வச்சாப்பல எரியுதுன்னு துடிச்சா. எங்க பக்கம் அக்கின்னா பானை செய்யறவங்க ஊட்டுக்குப் போயி எழுதிக்கறதுதான் வழக்கம், உங்க பக்கமும் அப்படித்தானுங்களே? செங்காவியக் கொழச்சு மேல எழுதுவாங்க. பொம்பளைப் புள்ளைக்கு அந்த எடத்துல ஆம்பளை எழுத முடியாதுன்னு அந்தூட்டு அம்மா எழுதுனாங்க. எழுதிப்போட்டு, "கொழந்தை வாயி இதுல படாமப் பாத்துக்குங்க"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அக்கா ஊட்டுக்கு வந்து, "அக்கிக்காரி பாலு வெசம், ஒரு சொட்டு புள்ளை வாயில படக் கூடாது"ன்னு சொல்லிருச்சு.

நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு இருக்கலீங்க. இந்த டாக்டரம்மாகிட்டயே கூட்டியாந்து காட்டுனேன். மருந்து குடுத்தாங்க. அப்புறம் ஒரு பிரசங்கம். சின்ன வயசுல வந்த அம்மையோட கிருமி ஒடம்புக்குள்ளயே தூங்கிக்கிட்டுக் கெடக்குமாம். தூக்கமில்லாம, நிம்மதியில்லாம, வவுத்துக்குச் சரியா இல்லாம இருந்தா ஒடம்புல எதிர்ப்பு சக்தி எறங்கிப்போயி அது முழிச்சுக்குமாம். "கொப்புளமில்லாத பக்கம் தாராளமாக் குடும்மா. இந்தப் பக்கத்துப் பாலைக் கட்ட வுடாமப் பீச்சி எடுத்துரு. பால் குடுக்கறது கொழந்தைக்கு மட்டுமில்ல, உனக்கும் நல்லது. நிம்மதியா ஒக்காந்து குடுத்தா மனசும் எறங்கும், ஒடம்பும் தேறும். பதட்டத்துல ஒக்காந்தாப் பால் எறங்காது"ன்னு அவகிட்டச் சொன்னாங்க. எங்கிட்டத் திரும்பி, "புரிஞ்சுதா?"ன்னாங்க. தலையாட்டுனேன். வேறென்ன பண்றது? கோழின்னா எங்கிட்டக் கேளுங்க, அத்தனையும் அத்துப்படி. பொம்பளை ஒடம்பு எனக்கென்னங்க தெரியும்?

டாக்டரு சொன்னதை அப்படியே அக்காகிட்டச் சொன்னேன். ஒரு வார்த்தை மாத்தல. அக்கா கேட்டுக்கிட்டு, "அந்தம்மா எத்தனை புள்ளை வளத்துச்சாம்?"னு கேட்டுச்சு. எனக்கு வாயில வந்துருச்சுங்க, நீ எத்தனை... அப்படின்னு. முழுங்கிட்டேன். அதை எப்படிக் கேக்கறது? அதுவும் என்னைய வளத்த மனுசிய.

மக்யா நாளு பண்ணையில இருக்கறப்ப அக்கா போன் பண்ணுச்சு. "வரப்ப மல்லிப்பூ ரெண்டு மொழம் வாங்கியா கண்ணு, தெனமும் வேணும்"னுச்சு. எனக்குக் குளுந்துபோச்சு. இத்தனை நாளு ரெண்டு பேருக்கும் ஆகாம இருந்துச்சே, அக்கா மனசு மாறி அவ தலைக்குப் பூ வைக்கச் சொல்லுதேன்னு. நல்ல நெருக்கமாக் கட்டுன பூவாப் பாத்து வாங்கிக்கிட்டுப் போயி மைதிலி கையிலயே குடுத்தேன். அவ அந்தப் பூவைப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் என்னையப் பாத்தா. எதுக்கு அப்படிப் பாக்கறான்னு எனக்குத் தெரியல. பூ அழகா இருந்துச்சுன்னு பாக்கறாளாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன்.

தலைக்கில்லீங்ணா அது. மாருல வச்சுத் துணியப் போட்டு இறுக்கிக் கட்டறதுக்கு. மல்லிப்பூக் கட்டுனாப் பால் வத்திரும், அந்தக் காலத்துல இருந்து செய்யறதுதானாம். எனக்கு அது தெரியாது. ரூமுல எட்டிப் பாத்துப்போட்டு, "என்னக்கா, தலைக்கு வைக்காம?"ன்னு கேட்டேன். "உனக்கெதுக்குடா பொம்பளைங்க சமாச்சாரம், போ அந்தப் பக்கம்"னு சொல்லிருச்சு. வந்துட்டேன்.

மைதிலி கத்தல, சண்டை போடல. சோத்துத் தட்டை வாங்கறப்ப மெதுவாச் சொன்னா, "அண்ணிய எதுத்து நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நாளைக்குப் பூ வாங்காம வந்துருங்க, அது போதும். மறந்துட்டேன்னு சொல்லிருங்க"ன்னு. சரின்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னனுங்க. ஆனா பாருங்க, நான் பஸ்ச வுட்டு எறங்கறப்பவே பூக்காரம்மா எலையில மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாங்க. "உங்க அக்கா போன் பண்ணுச்சு, எடுத்து வச்சிருக்கேன்"ங்கறாங்க. வேண்டாம்னா என்ன காரணம் சொல்றது? நடு பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு எங்கூட்டுக்காரி பாலு கதையவா பேசறது? வாங்கிக்கிட்டேன். அப்புறம் தெனமும் அதே கதைதான். அவளும் கேக்கறதை வுட்டுட்டா. நான் உள்ள போனா அவளே கையை நீட்டிப் பூவை வாங்கி அக்காகிட்டக் குடுத்துருவா.

நல்ல பக்கம் வத்திப்போச்சு. அக்கி இருந்த பக்கம் இறுக்கிக் கட்டுனதுல கட்டி நின்னுருச்சு. பீச்சுனா வலி உசுரு போகுதுன்னு அவ தொடவே வுடல. அனலாட்டம் காச்சல். நடுக்கத்துல பல்லு கிட்டிப்போச்சு. தூக்கிக்கிட்டு வந்தோம். கட்டை அவுத்துப் பாத்து டாக்டரம்மா கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி, "யாருய்யா இதைக் கட்டுனது?"ன்னு. அக்காவக் காட்டிக் குடுக்க முடியுங்களா? எங்க பக்கம் வழக்கமுங்கன்னு சொன்னேன். அந்தக் கோவத்துல கேட்டதுதான், வீட்டுல இந்தப் பொண்ணுக்கு என்ன கவலைன்னு. இப்ப நீங்க சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்லியிருக்கோணும்? எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு.

ஆனா ஒண்ணு சொன்னாங்க. போனது போகட்டும், இன்னொரு பக்கம் பால் திரும்ப வரும்னாங்க. வரும்னு அடிச்சுச் சொல்லல, வர வாய்ப்பிருக்குதுன்னாங்க. கொழந்தைய அவ நெஞ்சு மேலயே போட்டு வச்சுக்கோணுமாம், அடிக்கடி வாயி வைக்க வுடோணுமாம், வேணுங்கற அளவுக்குத் தண்ணி குடிக்கோணும், தூங்கோணும், சுத்தி ஒரு ஆளு நிக்கப்படாது. பாட்டில கண்ணுல காட்டப்படாது. வேணுங்கற டப்பாப்பாலை நர்சே சங்குல ஊத்திக் குடுத்துக்கறாங்களாம். இப்படியே கொஞ்ச நாளு போனா ஒடம்பும் தேறும், பாலும் ஊறும். திரும்பத் திரும்ப இந்தக் காச்சலும் சீழும் வராதுன்னாங்க. இப்பவும் அப்படியே வுட்டா அவ ஒடம்பு தாங்காதுன்னும் சொன்னாங்க. அதைச் சொல்றப்பக் கொரலை எறக்கிக்கிட்டாங்க.

மைதிலி இன்னைக்கு விடியால என் கையப் புடிச்சுக்கிட்டா. எத்தனையோ நாளைக்கப்புறம் அவளாப் புடிச்சா. "ஏனுங்க, உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. கொஞ்ச நாளைக்கு யாரையும் உள்ள வுடாதீங்க. அண்ணிய மட்டுமாவது வுடாதீங்க. அவங்க நல்லவங்கதான், நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. அவங்க நின்னு பாத்தா எனக்கு மாரு கல்லாட்டம் ஆகிப்போகுது. நீங்க வெளிய ஒக்காந்துக்கிட்டு, வரவங்ககிட்ட டாக்டரு வுடக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு மட்டும் சொன்னாப் போதும்"னு சொன்னா. சரின்னு சொன்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. நான் இருக்கறேன் புள்ள, ஒருத்தரு உள்ள வர மாட்டாங்கன்னு சொன்னேன். அதுக்குத்தானுங்க இங்க ஒக்காந்திருக்கேன். இன்னும் காப்பி கூடக் குடிக்கப் போகல.

ஆனா ஊட்டுல இன்னொரு பக்கம் இருக்குதில்லீங்களா? காலையில, அக்காவப் பாத்துக்க வந்திருக்கற மாமன் போன் பண்ணுனாரு. கொழந்தைய இங்க தூக்கிட்டு வந்ததுல இருந்து அக்கா ஒரு வாயி சோறு திங்கலையாம். சுத்தமா இருக்கற பாட்டில எடுத்து எடுத்துக் கழுவிக்கிட்டு இருக்குதாம். "நான் என்னடா பண்றது, பாக்க முடியல"ன்னு அழுகறாரு, ஆம்பளை. அந்தப் பக்கமும் என்னையத்தான் பாக்கறாங்க, இந்தப் பக்கமும் என்னையத்தான் பாக்கறாங்க. நான் யாருக்குன்னு ஆகறது? ரெண்டு பேருல ஒருத்தராவது கெட்டவங்களா இருந்திருந்தா எனக்குச் சுளுவா இருந்திருக்கும்ங்ணா.

இருங்க, நர்சம்மா வெளிய வராங்க.

...என்னங்க சிஸ்டர்? நெசமாவா? எவ்வளவு நேரமா? சரிங்க, சரிங்க. நான் எந்திரிக்கவே மாட்டனுங்க. ஒரு ஈ வராது.

கேட்டீங்களாண்ணா? கொழந்தை வாயி வச்சிருச்சாம்! அறுக்காத பக்கம். நாலஞ்சு தடவை துப்பிப்போட்டு, இப்பப் புடிச்சு இழுக்குதாம். பாலு சொட்டுச் சொட்டா எறங்குதாம். மைதிலி கண்ணை மூடிக்கிட்டுச் சிரிக்கறாளாம். சத்தம் போடாதீங்க, யாரையும் வுடாதீங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. அப்பாடா. மாரியாத்தா, கண்ணைத் தொறந்துட்டியே. எனக்கு இப்பவே யாருகிட்டயாவது சொல்லோணும்போல இருக்குது. உங்ககிட்டத்தான் சொல்ல முடிஞ்சுது.

ஒரு நிமிசங்ணா, போனு.

அக்கா? என்னக்கா... எங்க இருக்கற? கீழயா? கீழன்னா, ஆஸ்பத்திரியிலயா? தனியாவா வந்த? ஏங்க்கா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... இல்லக்கா, டாக்டரு வந்து... இல்லக்கா, அழுகாத. அழுகாதக்கா. நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? ஒருக்காப் பாத்துட்டு ஒடனே போயிருவயா? சரி... பாட்டில எதுக்குக்கா கொண்டாந்த... சூடு ஆறிருமா... சரி, சரி, அழுகாத. மயக்கமா வருதா? நீ அங்கயே ஒக்காரு. ரெண்டாவது மாடிக்கா. ஓரத்து ரூமு. நீ ஏற வேண்டாம், நான் வந்து கூட்டியாறேன்.

மூணு நாளாச் சோறு திங்காத மனுசிங்ணா. படியில உழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? நான் போயிக் கையப் புடிச்சுக் கூட்டியாந்துட்டா, வாசல்ல இருந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போயிரும். உள்ள போகாது. போகாதுன்னுதான் நெனைக்கறேன். நீங்க ஒரு ஒதவி பண்ணுங்ணா, நான் வரவரைக்கும் இந்த எடத்துல ஒக்காந்திருங்க. நர்சம்மா கேட்டாத் தண்ணி புடிக்கப் போயிருக்கேன்னு சொல்லிருங்க. உள்ள இருந்து மைதிலி கூப்புட்டாலும் அதையே சொல்லிருங்க. சத்தமாச் சொல்ல வேண்டாம், மெதுவாச் சொல்லுங்க. இப்பத்தான் குடிக்குதாம்.